தெருவில் ஒரு பிள்ளையைக் காணோம் என்றால் குரூப்பில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது

நான் வடசென்னையில் தண்டையார்பேட்டை பக்கம் இருக்கிறேன். எங்கள் தெருவுக்கும் சுற்றியுள்ள நாலைந்து சந்துக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. தண்ணீர் லாரி எப்போது வரும், கரண்ட் ஏன் போச்சு, ரேஷனில் பருப்பு வந்தாச்சா என்று கேட்பதற்காக ஆரம்பித்தது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அதில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுடைய போட்டோ வந்தது. டியூஷனுக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. அடுத்த மூன்று மணி நேரத்தில் நானூறு மெசேஜுக்கு மேல் ஓடியது. பையன் அன்றிரவே நல்லபடியாகக் கிடைத்துவிட்டான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நானூறில் அவனைக் கண்டுபிடிக்க உதவியது இதுதான் என்று ஒன்றைக்கூட என்னால் எடுத்துக்காட்ட முடியாது. எங்கள் பேச்சால் அடிவாங்கிய மனிதர் ஒருவர் இருக்கிறார், நிம்மதி போன குடும்பம் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ஃபார்வேர்டு செய்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குரூப்புக்கு முன்னால் ஸ்டேஷன்

பிள்ளையைக் காணோம் என்று தெரிந்த நிமிஷம் அவசர உதவி எண் 112க்கு அடியுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அதற்கும் அடியுங்கள். ஒருவர் போனில் இருக்கும்போதே இன்னொருவர் ஸ்டேஷனுக்குக் கிளம்பட்டும். "24 மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வாங்க" என்று ஒரு பேச்சு நம் ஊரில் ரொம்ப நாளாக ஓடுகிறது. அப்படி ஒரு விதியே கிடையாது. 18 வயதுக்குக் கீழே யார் காணாமல் போனாலும், புகார் வந்த உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், கடத்தலாகவோ ஆள் வியாபாரமாகவோ இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே விசாரிக்கத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பதினாறு வயதுப் பெண் என்றால் "யாரோடாவது போயிருக்கும், தானா வந்துடும்" என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். அவளுக்கும் இதே தீர்ப்புதான்.

சி.எஸ்.ஆர். என்று ஒரு சின்ன ரசீது கொடுப்பார்கள். புகார் வாங்கிக்கொண்டோம் என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். "பாய் மிஸ்ஸிங்" அல்லது "கேர்ள் மிஸ்ஸிங்" என்று எஃப்.ஐ.ஆர். போட்டு நம்பரோடு நகல் தரும்வரை அங்கேயே உட்காருங்கள், நகலுக்குக் காசு கிடையாது. இது எங்கள் எல்லை இல்லை என்றாலும் விடாதீர்கள். வடசென்னையில் இந்த எல்லைக் குழப்பம் அதிகம், தண்டையார்பேட்டை சென்னை கமிஷனர் கீழே, எண்ணூரும் மணலியும் ஆவடி கமிஷனர் கீழே, ரயில்வே பிளாட்பாரம் என்றால் ரயில்வே போலீஸ். எல்லை எதுவானாலும் எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும், புதுச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது.

இதெல்லாம் ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், குரூப்பில் எழுதுவது உபயோகமாக இருக்க வேண்டுமானால் அந்த எஃப்.ஐ.ஆர். நம்பரும், விசாரிக்கிற எஸ்.ஐ. யார், ஸ்டேஷன் நம்பர் என்ன என்ற விவரமும் கையில் இருக்க வேண்டும். அதில்லாமல் பேசுவதெல்லாம் எங்கேயும் போய்ச் சேராது.

போட்டோவும் செய்தியும்

போட்டோவை வெளியே விடலாமா என்று விசாரிக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பணம் கேட்டுக் கடத்தியிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் கொஞ்ச நேரம் வேண்டாம் என்பார்கள், அப்போது அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். சட்டமும் இதில் கண்டிப்பானது. காணாமல் போன பிள்ளை இளைஞர் நீதிச் சட்டப்படி பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை, அதன் பெயர், முகம், பள்ளி, விலாசம் இவற்றை அனுமதியில்லாமல் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். ஆக, போட்டோ போலீஸும் பெற்றோரும் சொல்லித்தான் வெளியே போக வேண்டும்.

சரி என்று சொல்லிவிட்டால், ஒரே ஒரு செய்தி தயார் செய்யுங்கள். ஒன்றுதான். ஆளாளுக்கு ஒன்று எழுதினால் ஒன்றில் நீலச் சட்டை, இன்னொன்றில் பள்ளிச் சீருடை என்று ஆகிவிடும். சமீபத்தில் எடுத்த, முகம் தெளிவாகத் தெரிகிற போட்டோ ஒன்று போதும். பள்ளி ஐடி கார்டைப் படம் எடுத்துப் போடாதீர்கள், அதில் விலாசமும் இருக்கும். கடைசியாகப் பார்த்த இடம், நேரம், தேதி, அப்போது போட்டிருந்த துணி, காலில் செருப்பா ஷூவா, பை இருந்ததா, திக்குமா, வலிப்பு மாதிரி ஏதாவது உண்டா என்பது, இவ்வளவும் இருந்தால் போதும். தேதியையும் நேரத்தையும் போட்டோவின் மேலேயே எழுதுங்கள், கீழே தனியாக எழுதினால் அடுத்த ஃபார்வேர்டில் அது கழன்றுவிடும்.

நம்பர் என்று வரும்போது ஸ்டேஷன் நம்பரையும் 1098ஐயும் மட்டும் போடுங்கள். அம்மா நம்பரைப் போடவே போடாதீர்கள். அன்றைக்கு நாங்கள் போட்டோம். பையன் கணக்குப் பரீட்சையில் மார்க் குறைந்த பயத்தில் தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறிப் போயிருக்கிறான். பொன்னேரியில் இறங்கி பிளாட்பாரத்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைப் பூ விற்கிற அம்மா ஒருவர் பார்த்து, பேச்சுக் கொடுத்து, அங்கிருந்த ரயில்வே போலீஸிடம் கூட்டிப் போயிருக்கிறார். அவன் தன் அம்மா நம்பரைச் சரியாகவே சொல்லியிருக்கிறான். அவர்கள் அடித்தபோதெல்லாம் பிஸி. ஏனென்றால் அந்த நேரத்தில் அந்த அக்காவின் போனுக்கு ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் அடித்துக்கொண்டிருந்தார்கள். "கிடைச்சிட்டானா?" என்று கேட்க ஒருவர், ஜோசியம் சொல்ல ஒருவர், பையன் என்கிட்டதான் இருக்கான், உடனே பணம் போடு என்று மிரட்ட ஒருவர். கடைசியில் பையில் இருந்த டியூஷன் நோட்டின் முதல் பக்கத்தில் டீச்சர் எழுதி வைத்திருந்த நம்பருக்கு அடித்துத்தான் விஷயம் வந்து சேர்ந்தது. அந்த நோட்டு இல்லாவிட்டால் இன்னும் எத்தனை நேரம் ஆகியிருக்குமோ.

எதையாவது பார்த்திருந்தால்

பார்த்தவர் முதலில் செய்ய வேண்டியது, யாரிடமும் பேசுவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் எழுதுவது. எத்தனை மணி, எந்த இடம், யாருடன், எந்தப் பக்கமாகப் போனான். எழுதிவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்யுங்கள். குரூப்பில் போடாதீர்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு ஒருவர் "கொருக்குப்பேட்டை கேட்கிட்ட சிவப்பு ஸ்கூட்டியில ஒரு பையன் உட்கார்ந்து போனதைப் பார்த்த மாதிரி இருந்துச்சு" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டார். அரை மணிக்குள் இன்னும் நாலு பேர் அதே சிவப்பு ஸ்கூட்டியைப் பார்த்துவிட்டார்கள், ஒருவர் மூலக்கடையில், ஒருவர் மணலியில். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. முதல் குரலைக் கேட்டதும் அவரவர் ஞாபகத்தில் இருந்த ஏதோ ஒரு வண்டி சிவப்பாகிவிட்டது. அன்றைக்கு ரோந்து வண்டி ஒன்று அந்த ஸ்கூட்டியைத் தேடி அலைந்தது, அந்த நேரத்தில் பையன் ரயிலில் இருந்தான். ஐந்து பேர் தனித்தனியாகப் போலீஸிடம் சொல்லியிருந்தால் ஐந்தும் ஒத்துப்போகிறதா இல்லையா என்று அவர்களாவது பார்த்திருப்பார்கள். எல்லாரும் ஒரே குரூப்பில் கேட்டுவிட்டுச் சொன்னதில் எது யார் பார்த்தது என்று பிரிக்கவே முடியவில்லை.

சிசிடிவி விஷயமும் இதேதான். "மூன்றாவது கண்" என்று போலீஸ் சொல்லிச் சொல்லி இப்போது மளிகைக்கடை, அடகுக்கடை, டிபன் கடை என்று எல்லா இடத்திலும் கேமரா இருக்கிறது, நல்லதுதான். ஆனால் சின்னக் கடைகளில் பதிவாகும் பெட்டியில் இடம் குறைவு, சில நாளில் பழையதன் மேலேயே புதியது ஏறிவிடும். அதனால் பிள்ளை நடந்து போயிருக்கக்கூடிய வழியில் இருக்கிற கடைக்காரர்களிடம் அன்றைக்கே போய், "அண்ணே, போலீஸ் வர்ற வரைக்கும் இதை அழியாம வச்சிருங்க" என்று சொல்லி, எந்தெந்தக் கடையில் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி ஸ்டேஷனில் கொடுங்கள். இளவட்டப் பையன்கள் நாலு பேர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை, நானூறு மெசேஜை விட இது பெரிய உதவி. கூடவே இன்னொன்றும் பாருங்கள், கேமரா திரையில் காட்டுகிற நேரத்தையும் உங்கள் போனில் உள்ள நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருமுனை மருந்துக்கடைக் கேமராவின் கடிகாரம் அன்றைக்கு 17 நிமிஷம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் "டியூஷன் முடியறதுக்கு முன்னாடியே வெளியே வந்துட்டான், டீச்சர் பொய் சொல்றாங்க" என்று எழுதிவிட்டார்கள். பாவம் அந்த டீச்சர், பிற்பாடு அவர் நம்பர் மூலமாகத்தான் பையனே கிடைத்தான்.

திரையில் ஓடுவதைப் போனில் படம் பிடித்து குரூப்பில் விடுவதால் ஒரு பலனும் இல்லை, கெடுதல் உண்டு. கோர்ட்டுக்கு மூலப் பதிவும் அதற்கான சான்றிதழும் வேண்டும், அதைப் போலீஸ்தான் முறையாக எடுக்க வேண்டும். குற்றவாளி என்று ஒருவன் இருந்தால் அவன் கையிலும் போன் இருக்கிறது, தன்னை எந்தக் கேமரா பிடித்திருக்கிறது என்று நாமே அவனுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகும்.

வீட்டுக்காரர்களைப் பற்றிய பேச்சு

இதுதான் எனக்கு மிகவும் வலிப்பது. பிள்ளையைக் காணோம் என்று கேட்ட அரை மணியில் "அவங்க அம்மா வேலைக்குப் போறாங்க, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்ல" என்று ஒருவர் தொடங்குவார், அப்பா குடிப்பார் என்று இன்னொருவர், சித்தப்பாவோடு சொத்துத் தகராறு என்று மூன்றாமவர். அந்த குரூப்பில் அந்த அம்மாவும் இருக்கிறார் என்பது யாருக்கும் தோன்றாது. குடும்பத்தை விசாரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, போலீஸ் முதலில் அங்கேதான் கேட்கும், கேட்கவும் வேண்டும். உங்களுக்கு உண்மையிலேயே ஏதாவது தெரிந்தால், அந்த வீட்டில் பிள்ளையை அடிக்கிறார்கள் என்று காதால் கேட்டிருந்தால், அதை எஸ்.ஐ.யிடமோ 1098இலோ சொல்லுங்கள், அது கடமை. குரூப்பில் சொன்னால் அது வம்பு.

போர்ச்சுகலில் 2007 மே மாதம் மேடலின் மெக்கான் என்ற மூன்று வயது பிரிட்டிஷ் குழந்தை விடுதி அறையிலிருந்து காணாமல் போனது. உலகமே அதைப் பற்றிப் பேசியது. பக்கத்தில் குடியிருந்த ஒருவரைப் பிரிட்டிஷ் பத்திரிகைகள் குற்றவாளியாகவே எழுதின, பிறகு பெற்றோரையே எழுதின. 2008இல் அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு 6 லட்சம் பவுண்டும், பெற்றோர் தரப்புக்கு 5.5 லட்சம் பவுண்டும் நஷ்டஈடு கொடுத்துப் பத்திரிகைகள் மன்னிப்புக் கேட்டன. குழந்தை இன்றுவரை கிடைக்கவில்லை. அத்தனை பேச்சும் அந்தக் குழந்தையை ஒரு அடிகூடப் பக்கத்தில் கொண்டுவரவில்லை.

பிள்ளை பிடிக்கிறவன்

இந்த வார்த்தையை குரூப்பில் யார் எழுதினாலும் அட்மின் உடனே அழிக்க வேண்டும். பெரிய வார்த்தை என்று நினைப்பீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பம், வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள் என்பதற்காக ஊரே சேர்ந்து அடித்ததில் சென்னையைச் சேர்ந்த வயதான அம்மா ஒருவர் செத்துப்போனார். அதே வாரம், நமக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிற பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். இரண்டு பேருமே எந்தப் பிள்ளையையும் பிடிக்கவில்லை. அந்த வருடம் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றில் பைக்கில் வருகிற இருவர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முடிவில் பிள்ளையைத் திரும்ப விட்டுவிட்டு அட்டை காட்டுவார்கள், அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வாட்ஸ்அப்பில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி மாற்றினார்கள். 2024 தொடக்கத்தில் அதே வதந்தி சென்னையில் மறுபடியும் கிளம்பியது.

எங்கள் குரூப்பில் அன்றைக்கு வந்தது ஒரு பெட்ஷீட் வியாபாரியின் போட்டோ. வடமாநிலத்துக்காரர், தோளில் மூட்டையோடு டியூஷன் சந்தில் நிற்கிறார், கீழே "இவன் மேல டவுட், பார்த்தா விடாதீங்க". நானும் அதை இன்னொரு குரூப்புக்கு அனுப்பினேன். எட்டு மணி வாக்கில் அவரை ரெட்டைக்குழித் தெரு பக்கம் பிடித்து, மூட்டையை அவிழ்த்துக் கொட்டி அடித்திருக்கிறார்கள். பையன் கிடைத்த செய்தி வந்தபோது அவர் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக எங்கள் தெருவுக்கு வருகிறவர், என் வீட்டிலேயே அவரிடம் வாங்கிய பெட்ஷீட் கிடக்கிறது, போட்டோவில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை.

யார் மேலாவது சந்தேகம் இருந்தால் 112க்கு அடித்து, ஆள் நிற்கிற இடத்தைச் சொல்லி, தள்ளி நின்று பாருங்கள். போட்டோ எடுத்தால் போலீஸுக்கு அனுப்புங்கள். பொய்ச் செய்தியைப் பரப்பிக் கலவரம் மூட்டினால் மூன்று வருடம் வரை சிறை என்று புதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில் 353ஆம் பிரிவு இருக்கிறது, நான் ஃபார்வேர்டுதான் பண்ணினேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நாள் கடந்தால்

எல்லாப் பிள்ளையும் அன்றிரவே கிடைப்பதில்லை. ஒரு வாரம் ஆகிவிட்டால் பேச்சு இரண்டு பக்கமாகப் பிரியும், ஒன்று மறந்துவிடும், இல்லை போலீஸைத் திட்டும். போலீஸைக் கேள்வி கேட்பது நம் உரிமை, அதை விட்டுவிடாதீர்கள், ஆனால் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். எந்தத் தேதியில் போட்டார்கள், படத்தை மற்ற மாவட்டங்களுக்கும் ரயில்வே போலீஸுக்கும் அனுப்பினார்களா, குழந்தைகள் நலக் குழுவுக்கும் ராயபுரம் இல்லம் மாதிரி அரசு இல்லங்களுக்கும் தகவல் போனதா. ஸ்டேஷனில் பதில் இல்லை என்றால் உதவி கமிஷனர், துணை கமிஷனர் என்று மேலே போங்கள், எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாலு மாதம் ஆகியும் கிடைக்கவில்லை என்றால் வழக்கை ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும், அதுவும் அந்த 2013 தீர்ப்பில் உள்ளதுதான். அதற்கு முன்பே, பிள்ளையைக் கண்டுபிடித்துக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லி ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம். பாரிமுனை நமக்கு ஒரு பஸ் தூரம், வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்களுக்கு அங்கேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

டி.எச். ரோட்டில் மறியல் செய்யலாமா என்று கேட்பார்கள். எழுதிக் கொடுத்தும் யாரும் அசையவில்லை என்றால் செய்ய வேண்டிய நிலைமை வரலாம், அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் பெற்றோர் வேண்டும் என்று சொன்னால் மட்டும். செல்போன் டவர் எங்கே காட்டியது, யாரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று பிள்ளையின் குடும்பத்திடம் போலீஸ் சொன்னதை மட்டும் வெளியே பேசவே பேசாதீர்கள். பத்து கேள்வி கேட்டு அந்த அம்மாவிடமிருந்து அதைப் பிடுங்காமலும் இருங்கள்.

கிடைத்த பிறகு

அநாதையாக நிற்கும் பிள்ளையை நீங்களே பார்த்தால், வீடியோ எடுத்து "யார் வீட்டுப் பிள்ளை" என்று போடாமல் 1098க்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் சொல்லாமல் வைத்திருந்தாலே குற்றம், நல்ல மனதோடு வீட்டில் சோறு போட்டு வைத்திருந்தாலும்கூட.

தேடிய பிள்ளை கிடைத்துவிட்டால், அட்மின் முதலில் "கிடைத்துவிட்டான்" என்று பழைய போட்டோவின் மேலேயே பெரிதாக எழுதி, அது போன எல்லா குரூப்புக்கும் அனுப்பட்டும். அப்புறம் போட்டோவை அழியுங்கள், ஸ்டேட்டஸ், ஃபேஸ்புக் எல்லாவற்றிலும். எங்கே போனான், யார் கூட்டிப் போனது, என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். ஒருவேளை பாலியல் குற்றம் நடந்திருந்தால் பெயரோ முகமோ வெளியே வந்தாலே, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் தனி வழக்கு. இரண்டு நாளைக்கு "அட்மின் மட்டும் எழுதலாம்" என்று குரூப்பைப் பூட்டி வையுங்கள், தண்ணீர் லாரிக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் அன்றைக்கு இதில் எதையும் செய்யவில்லை. பையன் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான், மீசை அரும்பிவிட்டது. ஒன்பது வயது முகத்தோடு அந்தப் போட்டோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, போன தீபாவளி சமயம் கோயம்புத்தூரில் இருக்கிற என் மச்சான் எனக்கே அனுப்பினான், அதே அம்மா நம்பரோடு. நம்பரை மாற்றிவிடுங்கள் அக்கா என்று அவரிடம் சொன்னேன். மாற்ற மாட்டேன் என்றார். அந்தப் பூக்கார அம்மா எப்போதாவது இந்த நம்பருக்குப் பேசினால் என்ன செய்வது என்று கேட்டார். யார் யாரோ இப்போதும் கூப்பிடுகிறார்கள், ஒவ்வொருவரிடமும் "கிடைச்சிட்டான்ங்க, நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைக்கிறார்.